மிஸ்கோலுக்குப் பதில் சொல்லக் கூடாது

மொபைல் சேவை நடத்துகிறவர்களுக்கு இரண்டே வகைக் காலைகள்தான் உண்டு: போன் ஓயாமல் அடித்து உயிரை வாங்குகிற காலை, ஏன் இன்னும் ஒருவரும் அடிக்கவில்லை என்று போனையே பார்த்துக்கொண்டிருக்கிற காலை. நிம்மதியான மூன்றாவது வகை ஒன்றும் இருப்பதாக யாராவது சொன்னால், அவர் இந்தத் தொழிலுக்கு நேற்றுத்தான் வந்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், ரெயில் பாதைக்குப் பக்கத்தில், ஒரு வீட்டின் பின்னறைதான் எங்கள் அலுவலகம். ரெயில் போகும்போது மேசை அதிர்ந்து அதில் இருக்கிற தேநீர் தானாகவே ஆறும். வீடு பாலன் அண்ணையுடையது. அவர் கனடாவில் இருக்கிறார். தொழிலுக்கு முதல் போட்டவரும் அவரே. இங்கே நானும் முரளியும். முரளி நிரல் எழுதுவான், பேச மாட்டான். அவனுக்கும் சேர்த்து நான் பேசுவேன். வாடிக்கையாளரைப் பிடிப்பது, சேவையைத் திட்டமிடுவது, ஏச்சு வாங்குவது எல்லாம் என் பொறுப்பு.

ரியூசன் சென்ரர்களுக்காக "இன்று வகுப்பு இல்லை" என்று பெற்றோருக்கு மெசேஜ் அனுப்புவதும், மருந்துக்கடைகளுக்காக "உங்கள் குளிசை முடியும் நாள் வந்துவிட்டது" என்று நினைவூட்டுவதும் எங்களுக்குச் சோறு போடுகிற வேலைகள். நான் சொல்லப்போவது அவற்றைப் பற்றியல்ல. கடற்கரையில் மீன் இறங்கியவுடன் வீடுகளுக்குச் செய்தி சொல்கிற சேவை ஒன்று எங்களிடம் இருக்கிறது. என் நித்திரையைக் கெடுத்ததும் அதுதான், நான் இன்றைக்கும் நன்றியோடு நினைப்பதும் அதைத்தான். பொதுமக்களுக்கு நல்லது செய்யப்போய் அதே பொதுமக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போடுங்கள்.

ஈரக் கை

முதலில் நாங்கள் செய்தது ஓர் ஆப். படம் இருக்கும், விலை இருக்கும், மீனைத் தொட்டால் அது வாலை ஆட்டும். அந்த வாலை ஆட்டவைக்க முரளி மினக்கெட்ட காலத்தில் ஒரு வங்கிக்கே ஆப் செய்து கொடுத்திருக்கலாம். ஆனாலும் பார்க்கப் பார்க்க எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு பருத்தித்துறைக்கு பஸ் ஏறினோம்.

அங்கே ஜெசி அக்காதான் எங்கள் முதல் வியாபாரி. முதுகு முறிந்துபோகிற அளவுக்குக் கடலில் உழைத்த கணவர் வீட்டோடு இருந்துவிட, கரையில் ஏலத்தில் மீன் எடுத்து, சந்தையில் குந்தியிருந்து விற்று, குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறவர். போனைக் கையில் கொடுத்தோம். தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கை முழுக்க ஈரமும் செதிலும். சட்டையில் துடைத்துவிட்டுத் தொட்டார். ஆப் திறந்தது. விளைமீனைப் படம் எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல, மீனைத் தூக்கினார். கை திரும்பவும் ஈரம். திரும்பவும் துடைத்தார். இதற்குள் அவருக்கு முன்னால் கிடந்த பாரைக் குவியலை ஏலத்தில் வேறொருத்தி எடுத்துக்கொண்டு நடையைக் கட்டிவிட்டாள். ஜெசி அக்கா எனக்கு ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பிள்ளை, உங்கடை மீன் நல்ல வடிவா வாலாட்டுது. நான் கையைத் துடைச்சு முடியிறதுக்கிடையிலை என்ரை மீனை மற்றவள் கொண்டு போட்டாள்."

நண்டு யாருக்கு?

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் யன்னலைப் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி இருந்தேன். பாதி வழியில் முரளி வாயைத் திறந்தான். "அக்கா, அவ கதைக்கட்டும்." அவ்வளவுதான். அந்த மூன்று சொல்லில் சேவை பிறந்தது. காலையில் ஜெசி அக்கா தன் சாதாரணப் போனிலிருந்து எங்கள் நம்பருக்கு அழைப்பார். இன்றைக்கு என்ன மீன், எப்படி இருக்கிறது என்று கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு வைப்பார். அந்தக் குரல் உடனேயே ஒவ்வொரு வீட்டுக்கும் அழைப்பாகப் போகும். வேண்டுமென்றவர்கள் அக்காவின் சொந்த நம்பருக்குச் சொன்னால், அவருடைய தம்பி றொபேட் மோட்டார் சைக்கிளில் மீனைக் கொண்டுவருவான். இதற்கெல்லாம் வாட்ஸப் இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் வாடிக்கையாளர்களில் அரைவாசிப் பேரின் போனில் பொத்தான்கள்தான் இருந்தன.

முதல் நாள் பதிவை நாங்கள் கேட்டுப் பார்க்காமலே அனுப்பிவிட்டோம். "வணக்கம், நான் ஜெசி கதைக்கிறன், இண்டைக்கு விளைமீன் இருக்கு, ஒட்டி இருக்கு, நல்ல சதை நண்டு இருக்கு" என்று மரியாதையாகத்தான் தொடங்கினார். பிறகு பக்கத்தில் ஏதோ சத்தம். "இஞ்சாருங்கோ, உந்த நண்டிலை கை வைக்காதேங்கோ! அது விக்கிறதுக்கு! உங்களுக்குச் சூடைமீன் குழம்பு வைச்சிருக்கிறன்தானே!" கணவரும் ஏதோ முனகினார். கொக்குவிலில் நாற்பது வீடுகளில் இது ஒலித்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். என் போனுக்கு முதல் அழைப்பு, அலுவலகத்திலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற பூரணம் மாமியிடமிருந்து வந்தது. பயந்து பயந்து எடுத்தேன்.

"பிள்ளை, அவ கடைசியிலை மனுசனுக்கு அந்த நண்டைக் குடுத்தவவோ? குடுக்கேல்லையெண்டால் எனக்கு அனுப்பச் சொல்லும். குடுத்திட்டா எண்டால் பரவாயில்லை, பாவம், அந்தாள் சாப்பிடட்டும்."

எடுக்காமல் எடுத்த பெயர்

எங்கள் ஊரில் மிஸ்கோல் என்பது தவறிப்போன அழைப்பு அல்ல, சொல்லி முடித்த செய்தி. ரியூசன் விட்டுவிட்டது, வந்து ஏற்றுங்கோ என்பதற்கு ஒன்று. பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம் என்பதற்கு ஒன்று. கேற்றடியில் நிற்கிறேன், நாயைக் கட்டு என்பதற்கு இரண்டு. இது என் கணவர் தினமும் அடிப்பது. அவர் அடிக்கும்போது நான் எடுத்துவிட்டால், ஏதோ ஆபத்து என்று அவர் கேற்றையே ஏறிக் குதித்துவிடுவார்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், எங்கள் நம்பருக்கு யார் அழைத்தாலும் கணினி உடனே எடுத்து, "வணக்கம். எங்களைத் தொடர்புகொண்டமைக்கு மிக்க நன்றி" என்று சொல்லும்படி நாங்கள் செய்து வைத்திருந்தோம். அந்த இனிமையான குரல் என்னுடையது. மக்களோ காலையில் ஜெசி அக்காவின் செய்தியைக் கேட்டுவிட்டு, "கேட்டோம், சரி" என்பதற்கு அடையாளமாக அதே நம்பருக்கு ஒரு மிஸ்கோல் அடித்தார்கள். என் குரல் பாய்ந்து விழுந்து நன்றி சொல்லும். அவர்களுடைய போனில் காசு கழியும். பூரணம் மாமி குடையும் கையுமாக நேரிலேயே வந்துவிட்டார். "மிஸ்கோலுக்கு ஆராவது பதில் சொல்லுவினமோ? உமக்கு வீட்டிலை ஒண்டும் சொல்லித் தரேல்லையோ?" என்று கேற்றடியில் நின்று கேட்டார். ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

அன்றைக்கே முரளி அமைப்பை மாற்றினான். ஜெசி அக்கா அழைத்தால் மட்டும் கணினி எடுக்கும். மற்ற யார் அழைத்தாலும் அடித்து அடித்து ஓயும். எடுக்கவும் மாட்டாது, எங்களுக்குச் சொல்லவும் மாட்டாது. அடுத்த நாள் மாமி சந்திக்குப் போகிற வழியில் எங்கள் கேற்றடியில் நின்று, முகம் மலர்ந்து ஒரு பாராட்டுத் தந்துவிட்டுப் போனார்.

"இப்பத்தான் பிள்ளை உங்கடை சேவை ஒழுங்கா வேலை செய்யுது. ஒருத்தரும் எடுக்கினமில்லை."

கோயிலில் திருக்கை

வெள்ளிக்கிழமை சைவ வீடுகளில் மீன் மச்சம் இல்லை என்பது எனக்குத் தெரியாததல்ல. என் வீட்டிலேயே இல்லை. ஆனால் மீனுக்கு வெள்ளிக்கிழமை தெரியாது. பருத்தித்துறையில் அது வழக்கம்போல் வந்து இறங்கியது. கணினிக்கும் யாரும் சொல்லி வைக்கவில்லை. பூரணம் மாமி கோயிலில் பூசைக்காகக் கைகூப்பி நின்ற நேரம், கைப்பையிலிருந்த போன் அடித்திருக்கிறது. பதற்றத்தில் எங்கேயோ அழுத்த, ஒலிபெருக்கி திறந்துகொண்டது. மணிச்சத்தம் ஓய்ந்த அந்த அமைதியில், "நல்ல திருக்கை இருக்கு! பால்சுறா இருக்கு! வறை வறுக்கிறதுக்கு வேணுமெண்டால் கெதியாச் சொல்லுங்கோ!" என்று ஜெசி அக்கா சந்நிதானத்துக்கே அறிவித்துவிட்டார்.

மாமி அழைத்தபோது நான் போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். ஐயர் திரும்பிப் பார்த்தது, தீபம் காட்டிய கை ஒரு கணம் நின்றது, மாமிக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன், திரும்பவும் கேட்டேன். சஷ்டி, சிவராத்திரி, அமாவாசை எல்லாவற்றையும் கணினிக்குப் படிப்பிக்கிறோம் என்று சத்தியம் செய்தேன். மூச்சு வாங்க ஒரு கணம் நிறுத்தியவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதைக் கேளும். எனக்குப் பக்கத்திலை நிண்ட ரெண்டு பேர் உந்த நம்பரைத் தரச்சொல்லிக் கேட்டவை, குடுத்திட்டன். அவையளையும் சேர்த்துவிடும். வெள்ளிக்கிழமை தவிர!"

ஆள் ஏற்றும் மோட்டார் சைக்கிள்

யாழ்ப்பாணம் ரவுணில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிற நிஸார் நானா எங்கள் முதல் வர்த்தக வாடிக்கையாளர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து, வாப்பா நடத்திய இடத்திலேயே கடையைத் திறந்தவர். மத்தியானச் சோற்றுக்கு மீன் எப்போது வந்து சேரும் என்று தெரிந்தால்தான் உலை வைக்கலாம் என்றார். நியாயம்தானே. றொபேட்டின் போன் எங்கே நகர்கிறது என்பதை நானா தன் போனில் வரைபடமாகப் பார்க்கும்படி செய்து கொடுத்தோம். "என்ன நடந்தாலும் மீன் இருக்கிற இடத்திலைதான் போனும் இருக்கோணும்" என்று றொபேட்டிடம் நான் கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். அவன் நல்ல பிள்ளை. சொன்னதைத் தட்ட மாட்டான்.

ஒரு நாள் காலை மோட்டார் சைக்கிள் வழியில் பழுதாகிவிட்டது. இந்த நாட்டில் ஒரு பொருள் ஊர் போய்ச் சேர வேண்டும் என்றால் மனிதர்கள் வழக்கமாக என்ன செய்வார்களோ, அதையே அவனும் செய்தான். யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸை மறித்து, மீன் பெட்டியைக் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டான். நான் சொன்னது ஞாபகம் வர, ஓடிப்போய்த் தன் போனையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றிப் பெட்டியோடு கட்டி அனுப்பிவிட்டான். போன் இல்லாதபடியால் எங்களுக்குச் சொல்லவும் வழியில்லை. கடையில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நிஸார் நானா எனக்கு அழைத்தார். அவருடைய குரலில் கோபம் இல்லை. உண்மையான அக்கறைதான் இருந்தது.

"தங்கச்சி, நான் குறை சொல்லேல்லை. ஆனால் உங்கடை மோட்டார் சைக்கிள் ஒவ்வொரு பஸ் ஹோல்டிலையும் நிண்டு ஆள் ஏத்திக்கொண்டு வருது."

சந்தை இடம்

சேவை பிடித்துக்கொண்டது. நாற்பது வீடு நூறாகி, அதையும் தாண்டியது. ஒரு நாள் நான் பருத்தித்துறைக்குப் போனபோது சந்தையில் ஜெசி அக்காவின் இடத்தில் வேறொரு பெண் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். பயந்துபோய் அக்காவின் வீட்டுக்கு ஓடினேன். அக்கா முற்றத்தில் மீனைக் கழுவிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கணவர் ஒரு ஸ்ரூலில் இருந்தபடி ஐஸ் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சந்தைக்குப் போய் வெயிலில் குந்தியிருக்கத் தேவையில்லை என்று அந்த இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டாராம். எனக்குச் சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. சந்தையில் ஓர் இடம் என்பது விட்டால் விட்டதுதான்; திரும்பக் கேட்டுப் போனால் யாரும் எழும்பி இடம் தர மாட்டார்கள். "கொஞ்சம் பொறுத்துப் பாத்திருக்கலாமே அக்கா" என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன் பொறுக்கோணும்? இனி உங்கடை நம்பர்தான் எனக்குச் சந்தை."

முதலாம் பிள்ளை

பாலன் அண்ணை நல்ல மனிதர். இந்த அறைக்கு வாடகை கேட்காதவர். ஆனால் மீன் சேவையால் இழுபறி கூடக்கூட அவருக்குப் பொறுமை குறைந்தது. இத்தனை அழைப்பு அனுப்புகிறோமே, மக்கள் உண்மையில் இதை விரும்புகிறார்களா, அல்லது சும்மா கேட்டுவிட்டு வைக்கிறார்களா என்று கேட்டார். ஒரு கருத்துக் கணிப்பு வைத்தோம். காலைச் செய்தி முடிந்ததும், "இந்தச் சேவையை ஒன்று முதல் ஐந்து வரை தரப்படுத்தி, அந்த எண்ணை அழுத்துங்கள்" என்று என் குரல் கேட்கும். ஒன்று என்றால் மோசம், ஐந்து என்றால் மிக நன்று. இதை விளக்க வேண்டும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

முடிவு வந்தது. அநேகமாக எல்லாரும் ஒன்றை அழுத்தியிருந்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. ஜெசி அக்காவின் குரலை இவ்வளவு ஆசையாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தேனே என்று நொந்துபோனேன். கடைசியில் நிஸார் நானாவுக்கு அழைத்து, நாங்கள் என்ன பிழை விட்டோம் என்று நேரடியாகவே கேட்டேன். அவர் திகைத்துப்போனார். வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று கேட்டே வளர்க்கிற ஊர் இது என்பதை அவர் சொன்ன பிறகுதான் நினைத்தேன்.

"என்ன தங்கச்சி கதைக்கிறீங்கள்? முதலாம் பிள்ளையா வந்த ஆளைப் போய் அஞ்சாம் பிள்ளை எண்டு சொல்லுறதோ?"

ஒன்று என்று அனுப்புங்கள்

பாலன் அண்ணையிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கத்தான் செய்தார். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டார். "வனிதா, எல்லாத்துக்கும் உம்மட்டை ஒரு விளக்கம் இருக்கு. எனக்கு விளக்கம் வேண்டாம். இனி விரலாலை அழுத்துற விளையாட்டும் வேண்டாம். வேணுமெண்டிறவன் மினக்கெட்டு எழுதட்டும்" என்றார். வெள்ளிக்கிழமை முதல் சேவை நிறுத்தப்படும், தொடர விரும்புகிறவர்கள் "1" என்று எழுதிப் பதில் அனுப்பவும் என எல்லாருக்கும் மெசேஜ் போக வேண்டும். பாதிப் பேராவது பதில் போட்டால் சேவை இருக்கும். இல்லாவிட்டால் இல்லை.

ஜெசி அக்காவுக்கு இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரில் போனேன். முற்றத்தில் வைத்துச் சொன்னேன். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த கணவரின் கை நின்றது. அக்கா மட்டும் மீனை அடுக்குவதை நிறுத்தவில்லை. கடைசி மீனையும் அடுக்கி மூடிவிட்டு, "சரி பிள்ளை, நீங்கள் என்ன செய்வியள்" என்றார். சந்தை இடத்தைப் பற்றி அவரும் ஒரு சொல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வெளிக்கிடும்போது ஒரு விளைமீனைச் சுற்றி என் கையில் தந்தார். பஸ்ஸில் அந்தப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர் மீன் மணம் தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்தோ என்னவோ, யன்னலைத் திறந்துவிட்டார்.

மெசேஜ் போனது. புதன்கிழமை வரைக்கும் ஒரு கைவிரல்களுக்குள் அடங்குகிற பதில்தான் வந்தது. அதிலும் ஒன்று மருந்துக்கடைக்காரருடையது. குளிசை நினைவூட்டல்தான் நிற்கப்போகிறதோ என்று பயந்து அனுப்பியிருக்கிறார். வியாழன் காலை பாலன் அண்ணை, "சனம் பதில் சொல்லிப்போட்டுது, விடும்" என்றார். நான் வெளியே வந்து கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூரணம் மாமி அந்த வழியால் வந்தார். என் கோபமெல்லாம் அவர்மேல் பாய்ந்தது. "மாமி, நீங்கள் கூடப் பதில் போடேல்லையே! இண்டையோடை ஜெசி அக்காவின்ரை சேவை முடிஞ்சுது!" என்று கத்தியே விட்டேன். மாமி குடையை மடக்கினார். முகம் சிவந்துவிட்டது.

"ஆர் சொன்னது பதில் போடேல்லையெண்டு? மெசேஜ் வந்த அதே நிமிசம் மிஸ்கோல் அடிச்சனான். நீங்கள் கவனிக்கேல்லையோ எண்டு அடுத்த நாளும் அடிச்சனான். ஓம் எண்டு சொல்லுறதுக்கு இதைவிட என்ன பிள்ளை செய்யிறது?"

ஓம்

உள்ளே ஓடினேன். நான் சொல்லி முடிக்க முதல் முரளி தலையில் அடித்துக்கொண்டான். மிஸ்கோலைக் காணாமல் இருக்கச் சொல்லிக் கணினிக்குப் படிப்பித்தவனே அவன்தான். ஆனால் போன அழைப்புகளைத் தோண்டி எடுத்துக் காட்டினால் பாலன் அண்ணை அதையும் இன்னொரு விளக்கம் என்பார். எனவே அன்று பின்னேரம் ஜெசி அக்காவைக் கதைக்கச் சொன்னோம். "நான் ஜெசி கதைக்கிறன். இப்ப மீன் சொல்ல வரேல்லை. இனியும் என்ரை குரல் வேணுமெண்டால், இந்த நம்பருக்கு ஒரு மிஸ்கோல் அடியுங்கோ. பயப்பிடாதேங்கோ, ஒருத்தரும் எடுக்க மாட்டினம்." கடைசி வசனத்தை நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை; அக்காவாகச் சேர்த்துக்கொண்டது.

முரளி அந்த நம்பருக்கு வருகிற அழைப்புகளை ஒரு பழைய போனுக்குத் திருப்பி, அதை மேசையின் நடுவில் வைத்தான். கனடாவில் அப்போது காலை. பாலன் அண்ணையை வீடியோ கோலில் அழைத்து, கமராவை அந்தப் போன் பக்கம் திருப்பினோம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. ரெயில் ஒன்று போனது; மேசை அதிர்ந்தது. ரெயில் போன பிறகும் மேசை அதிர்ந்துகொண்டே இருந்தது. போன் அடித்தது, நின்றது. அடித்தது, நின்றது. ஒன்று ஓய முதல் அடுத்தது. பூரணம் மாமி. நிஸார் நானா கடை நம்பரிலிருந்து ஒன்று, வீட்டு நம்பரிலிருந்து ஒன்று. கோயிலில் மாமிக்குப் பக்கத்தில் நின்ற இருவரும் வந்தார்கள். எனக்குக் கண் மறைத்துக்கொண்டு வந்தது. பாலன் அண்ணை தேநீர்க் கோப்பையோடு பார்த்தபடியே இருந்தார். எண்ணிக்கை பத்து, இருபது, முப்பது என்று போக, கடைசியில் தாங்க முடியாமல் கத்தினார். "ஆராவது அந்தப் போனை எடுங்கோவன்!"

முரளி திரையைப் பார்த்து, மிக மரியாதையாகச் சொன்னான். "எடுத்தால் ஏசுவினம், அண்ணை."

பாலன் அண்ணை கோப்பையைக் கீழே வைத்தார். "சரி, நான் வைக்கிறன்" என்றார். திரை இருண்டது. ஓம் என்றாரா, இல்லை என்றாரா? பருத்தித்துறையில் ஜெசி அக்கா போனைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். மேசையில் போன் தன்பாட்டுக்கு அடிப்பதும் நிற்பதுமாக இருந்தது. திடீரென்று அதில் ஒரு நீளமான நம்பர் வந்தது. ஒரே ஒரு தரம் அடித்து நின்றது. நான் கை நீட்டவில்லை. முரளி குனிந்து பார்த்தான். அவன் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

"கனடா நம்பர், அக்கா. பாலன் அண்ணை ஓம் எண்டிட்டார்."

ஜெசி அக்காவின் குரல் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தவிர்ந்த நாட்களில் கொக்குவில் எங்கும் கேட்கிறது. நான் இத்தனைக்கும் நன்றி சொல்ல வேண்டியிருப்பதோ, என்னோடு கதைக்க ஐந்து சதமும் செலவழிக்க மனமில்லாத மனிதர்களுக்குத்தான்.